பயத்தோடு ஏறி உட்காரும் வழி

கேள்வி: ஆலந்தூரில் குடியிருக்கிறேன். வயது 56. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். தை மாதம் மருமகளுக்குப் பிரசவம். நான் போயாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் டெல்லியிலிருந்து திரும்பும்போது விமானம் பயங்கரமாகக் குலுங்கியது. அன்றிலிருந்து எங்கே போவதானாலும் ரயில்தான். அகமதாபாத் விபத்துக்குப் பிறகு வீட்டுக்கு மேலே விமானம் போகும் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது. இந்தப் பயம் போவதற்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: பயம் போன பிறகு விமானம் ஏறலாம் என்று காத்திருக்காதீர்கள். அப்படிக் காத்திருந்தால் இந்தத் தை போய் அடுத்த தையும் வந்துவிடும். இந்தப் பயம் வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் போகிற பயம் இல்லை. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கும்போதுதான் மெல்ல மெல்ல வடியும். ஆகவே பயத்தோடேயே ஏறி உட்காரும் வழியைத்தான் சொல்லப்போகிறேன்.

மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எனக்குத் தெரிந்த மனநல மருத்துவர்கள், தங்களிடம் வருகிறவர்களில் விமானத்துக்கு அஞ்சுகிறவர்களை என்னிடம் பேச அனுப்புவதுண்டு. விமானத்தைப் பற்றி நான் விளக்குவேன்; மனத்தைப் பற்றி மருத்துவர்கள் சொல்வதை நானும் கேட்டுக்கொள்வேன். இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த ரயில் டிக்கெட்டுகளைப் பற்றி. டெல்லிப் பயணத்துக்குப் பிறகு ஒவ்வொரு முறை ரயிலில் இடம் பதிவு செய்தபோதும் உங்களுக்குப் பெரிய நிம்மதி கிடைத்திருக்கும். அந்த நிம்மதிதான் பயத்துக்குப் போட்ட தீனி. ‘விமானத்தைத் தவிர்த்தேன், அதனால் தப்பித்தேன்’ என்று மூளை ஒவ்வொரு முறையும் கணக்கு எழுதிக்கொள்கிறது. அந்த டெல்லி விமானம் பத்திரமாகத் தரையிறங்கி நீங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தீர்கள் என்பதை அது எழுதிக்கொள்ளவில்லை. குலுக்கலை மட்டும் வைத்துக்கொண்டு, முடிவை விட்டுவிட்டது. அந்த விடுபட்ட பகுதியை மூளைக்குக் கற்பிக்க வேண்டும். புத்திமதி சொல்லிக் கற்பிக்க முடியாது. உடம்பைக் கொண்டுபோய் உட்கார வைத்துத்தான் கற்பிக்க முடியும்.

அகமதாபாத்தைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. 2025 ஜூன் 12 அன்று புறப்பட்ட சில நொடிகளில் அந்த விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 242 பேரில் ஒரே ஒருவர்தான் பிழைத்தார். தரையில் இருந்தவர்களும் இறந்தார்கள். இரண்டு என்ஜின்களுக்கும் எரிபொருள் போவது நின்றது என்று முதற்கட்ட விசாரணை அறிக்கை சொல்கிறது. ‘அதெல்லாம் நடக்கவே நடக்காது’ என்று யாராவது உங்களிடம் சொன்னால் உங்கள் மனம் நம்பாது. நம்பாமல் இருப்பதும் நியாயமே. நடந்தது உண்மை. ஆனால் அன்றும் உலகெங்கும் பல்லாயிரக்கணக்கான விமானங்கள் புறப்பட்டன, இறங்கின. அவற்றை யாரும் படம் பிடித்துத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டவில்லை. நீங்கள் பார்த்த அந்த ஒரு காட்சி, உங்கள் மனத்தில் ஆயிரம் முறை நடந்த விபத்தாக மாறிவிட்டது. அந்தக் காணொளியை இனிப் பார்க்காதீர்கள். விமானப் பயம் உள்ளவர்கள் விபத்துக் காணொளிகளைத் தேடித் தேடிப் பார்ப்பது புண்ணைச் சொறிவதுதான்.

புள்ளிவிவரத்தை இரண்டு வாக்கியங்களில் முடிக்கிறேன். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். 2023ஆம் ஆண்டு முழுவதும் உலகில் பயணிகள் ஜெட் விமானம் எதுவும் உயிர்ச்சேதத்தோடு விபத்துக்குள்ளாகவில்லை. இதைப் படித்ததும் உங்கள் பயம் குறைந்ததா? குறைந்திருக்காது. எண்கள் அறிவுக்குப் போகின்றன. நெஞ்சை அடைப்பது வேறு இடத்திலிருந்து வருகிறது. அதனால்தான் ‘கிண்டிக்கு ஆட்டோவில் போவதைவிட விமானம் பத்திரம்’ என்று வீட்டில் எத்தனை முறை சொன்னாலும் உங்களுக்கு எரிச்சல் மட்டுமே வருகிறது.

உண்மையில் உதவுவது, விமானத்துக்குள் நீங்கள் கேட்கப்போகும் ஒவ்வொரு சத்தத்துக்கும் உணரப்போகும் ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் தெரிந்திருப்பதுதான். பயந்தவரின் காது மற்றவர்கள் காதைவிடக் கூர்மையானது. பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் தரைக்கு அடியில் கேட்கும் ‘கிர்ர்’ ஒலியைக் கவனித்துவிடுவீர்கள். காரணம் தெரியாத ஒலியை எல்லாம் மனம் ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே ஏறும் நொடியிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

நீங்கள் ஏறுவதற்கு முன்பே, கீழே ஒருவர் விமானத்தைச் சுற்றி நடந்து முடித்திருப்பார். இரவாக இருந்தால் கையில் டார்ச் இருக்கும். டயர் தேய்மானம், பிரேக் தேய்ந்திருக்கும் அளவைக் காட்டும் சிறிய முளை, என்ஜின் முகப்பு விசிறி இதழ்களில் பறவை அடித்த வடு, இறக்கைக்கு அடியில் எண்ணெய்க் கசிவு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் விசிறி இதழின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தப்பும் நெளிவு விரலுக்குத் தப்பாது. விமானிகளில் ஒருவரும் தனியாக ஒரு சுற்று வருவார். பராமரிப்பு வேலை நடந்திருந்தால், உரிமம் பெற்ற பொறியாளர் தன் பெயரில் கையெழுத்திட்ட பிறகுதான் விமானம் நகரும். நான் போட்ட ஒவ்வொரு கையெழுத்தும் இன்னும் ஏதாவது ஒரு கோப்பில் இருக்கும். என்றைக்கு எது நடந்தாலும் அந்தக் கோப்பு திறக்கப்படும் என்று தெரிந்துதான் நாங்கள் எல்லோரும் கையெழுத்திட்டோம்.

உள்ளே போனதும் சென்னைக்காரர்களைக் கலங்கடிக்கும் முதல் காட்சி, மேலே உள்ள ஏசி துவாரங்களிலிருந்து வெண்ணிறப் புகை இறங்குவது. அது புகை இல்லை. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். குளிர்ந்த காற்று அதோடு கலந்ததும் நீராவி மூடுபனியாகிறது. மூக்கை நீட்டி முகர்ந்து பாருங்கள், எந்த வாசனையும் இருக்காது. கொஞ்ச நேரத்தில் தானாக மறைந்துவிடும். அடுத்து, என்ஜினைக் கிளப்பும்போது ஏசி சத்தம் சட்டென்று அடங்கும். காற்றழுத்தத்தை என்ஜின் கிளப்புவதற்குத் திருப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஏர்பஸ் ஏ320 வகையில் ஏறினால், நின்றுகொண்டிருக்கும்போதோ ஓடுபாதைக்குப் போகும்போதோ தரைக்கு அடியில் நாய் குரைப்பது போலவும் ரம்பம் அறுப்பது போலவும் ஓர் ஒலி வரும். இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளுக்கு இடையே அழுத்தத்தைச் சமன் செய்யும் கருவியின் ஒலி அது. நம் உள்நாட்டு விமானங்களில் பெரும்பகுதி ஏ320 குடும்பம்தான் என்பதால் இதை நீங்கள் நிச்சயம் கேட்பீர்கள்.

ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது தடதடவென்று அதிரும். தரையில் பதித்த விளக்குகளின் மேல் முன்சக்கரம் ஏறினால் ‘டக், டக்’ என்று சீராகக் கேட்கும். முன்பக்கம் தூக்கி, தரையை விட்டதும் அதிர்வு நிற்கும். சில நொடிகளில் காலடியில் ‘தொம்’ என்று ஒரு சத்தம்: சக்கரங்கள் உள்ளே மடிந்து கதவு மூடுகிறது.

இனி வருவதுதான் மிக முக்கியம். என்னிடம் பேசியவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததாகச் சொன்னார்கள். புறப்பட்டு ஒரு நிமிடம் ஆவதற்குள், ஆயிரம் அல்லது ஆயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில், என்ஜின் இரைச்சல் திடீரென்று தாழும். கூடவே வயிறு கீழே இறங்குவது போலிருக்கும். ‘என்ஜின் நின்றுவிட்டது, விழுகிறோம்’ என்று உடம்பு முழுவதும் சொல்லும். நடப்பது என்னவென்றால், தரையிலிருந்து எழும்புவதற்குக் கொடுத்த அதிக விசையை, ஏறுவதற்குப் போதுமான விசைக்குக் குறைக்கிறார்கள். ஒவ்வொரு விமானத்திலும் ஒவ்வொரு முறையும் நடக்கும் வேலை இது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு வேகத்தைவிட வேக மாற்றம்தான் தெரியும். ஏறும் வேகம் சற்றுக் குறைந்தால் இறங்குவதாக அது தவறாகச் சொல்லும். விமானம் அப்போதும் மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கும். பின் இறக்கையின் பின்புற மடல்கள் உள்ளே இழுக்கப்படும் ‘கிர்ர்’ ஒலி. பின் ஒரு மணியோசை. அது பெரும்பாலும் பணியாளர்களுக்கான சாதாரணச் சைகை.

தை மாதத்தில் நீங்கள் புறப்படும்போது வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்ப வேண்டும் என்பதால் பெரும்பாலும் கடல் பக்கமாகவே புறப்படும். பரங்கிமலையைத் தாண்டி, உங்கள் வீட்டுப் பக்கமாகவே போய், நகரம் முடிந்து கீழே கடல் தெரியும். அங்கே திரும்புவதற்காக ஒரு பக்கமாகச் சாயும். ஜன்னலில் வெறும் நீர் மட்டும் தெரியும் அந்த நேரம் பலரைக் கலங்கடிக்கும். சாய்வு சாதாரணமாக முப்பது டிகிரிக்குள் அடங்கிவிடும். எதிர்ப்பக்க ஜன்னலில் அப்போது வானம் மட்டும்தான் தெரிந்துகொண்டிருக்கும்.

இறங்கும்போது இவையே தலைகீழாக நடக்கும். மடல்கள் வெளியே வரும், சக்கரம் இறங்கும், காற்றை அறுக்கும் இரைச்சல் கூடும். தரையைத் தொட்டதும் இறக்கை மேல் பலகைகள் நிமிரும். என்ஜின் காற்றை முன்பக்கமாகத் திருப்புவதால் பெரும் உறுமல் கேட்கும். எதுவும் பிய்த்துக்கொள்வதாக நினைக்க வேண்டாம். சில நேரம் தரையை நெருங்கிவிட்டு மறுபடி விர்ரென்று மேலே ஏறுவார்கள். முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகாமல் இருந்திருக்கலாம், காற்று திசை மாறியிருக்கலாம். விமானிகள் பயிற்சிக் கருவியில் மீண்டும் மீண்டும் பழகும் செயல் அது. சந்தேகம் இருந்தால் இறங்காதே என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் பாடம்.

அடுத்து உங்கள் டெல்லி அனுபவம், அதாவது குலுக்கல். வானத்தில் காற்றில்லாத பள்ளம் எதுவும் கிடையாது. வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் காற்று, மேகத்துக்குள் ஏறி இறங்கும் காற்று, மலையில் மோதி அலையும் காற்று, மிக உயரத்தில் வேகமாக ஓடும் காற்றோட்டத்தின் விளிம்பு என்று காற்று எங்கே சீரற்றுப் போகிறதோ அங்கே விமானம் ஆடும். உள்ளே இருப்பவருக்கு ஆயிரம் அடி விழுந்தது போலிருக்கும். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த ஒரு போயிங் 777, மியான்மருக்கு மேலே மிக மோசமான குலுக்கலில் சிக்கியது. 73 வயதுப் பயணி ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். நீங்களும் அந்தச் செய்தியைப் படித்திருப்பீர்கள். பதிவுக் கருவியை ஆராய்ந்தபோது, அந்த உலுக்கலில் விமானம் இழந்த உயரம் 178 அடி. பறந்துகொண்டிருந்தது 37,000 அடிக்கும் மேலே. விமானம் பாங்காக்கில் இறங்கியது. ஆட்களைக் காயப்படுத்தியது விழுந்த தூரம் இல்லை. சில நொடிகளுக்குள் மேலும் கீழுமாக மாறிய விசை. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். ஆகவே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும், பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்திருந்தாலும், இடுப்போடு ஒட்ட சீட் பெல்ட் போட்டிருங்கள். அதைச் செய்துவிட்டால் குலுக்கலில் உங்கள் வேலை முடிந்தது.

இறக்கை முறிந்துவிடுமோ என்ற பயமும் உண்டு, ஜன்னல் வழியாக அது மேலும் கீழும் ஆடுவதைப் பார்க்கும்போது. புயலில் தென்னை வளைந்து கொடுப்பதைப் போல, ஆடுவதற்காகவே அது அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. ஒரு விமானம் தன் ஆயுளில் சந்திக்கக்கூடிய மிகப் பெரிய சுமை எவ்வளவோ அதைப் போல் ஒன்றரை மடங்கு சுமையை அதன் கட்டமைப்பு தாங்க வேண்டும் என்பது விதி. 1995இல் போயிங் 777இன் இறக்கையைத் தரையில் கட்டிவைத்து, வேண்டுமென்றே முறியும்வரை மேல்நோக்கி வளைத்துப் பார்த்தார்கள். அந்த மிகப் பெரிய சுமையின் 154 சதவீதத்தில்தான் முறிந்தது. டெல்லிப் பயணத்தில் நீங்கள் உணர்ந்தது அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்காது.

‘கடலுக்கு மேலே என்ஜின் நின்றால்?’ என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு என்ஜின் நின்றால் மற்றொன்றில் பறந்து இறங்க முடியும்; புறப்படும் நேரத்திலேயே ஒன்று நின்றாலும் ஏறக்கூடிய வலு இருக்க வேண்டும் என்று சோதித்த பிறகுதான் சான்றிதழ் தருகிறார்கள். கடலுக்கு மேலே போகும் இரட்டை என்ஜின் விமானம், ஒற்றை என்ஜினில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டக்கூடிய பாதையில்தான் போக வேண்டும். இரண்டுமே நின்றாலும் கல்லைப் போல் விழாது. 2001 ஆகஸ்டில் எரிபொருள் கசிந்து இரண்டு என்ஜின்களும் நின்றுபோன ஏர்பஸ் ஏ330 ஒன்று, அட்லாண்டிக் கடலுக்கு மேலே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் மிதந்து வந்து அஸோர்ஸ் தீவில் இறங்கியது. உள்ளே இருந்த 306 பேரும் பிழைத்தார்கள். அதற்கு உயரம் உதவியது. அகமதாபாத்தில் அந்த உயரம் கிடைக்கவில்லை. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மூச்சு முட்டும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய கொடைக்கானல், ஊட்டியில் இருப்பதைப் போன்றது. காற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த உயரத்தில் எவராலும் கதவைத் திறக்க முடியாது. உள்ளிருந்து அழுத்தும் காற்றே அதைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடித்திருக்கும். அப்படியானால் உங்களுக்கு அங்கே நெஞ்சை அடைப்பது ஏன்?

பயந்த உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஆகிறது. அப்படி மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால்தான் விரல் நுனி மரத்துப்போவது, உதட்டோரம் கூசுவது, தலை லேசாவது எல்லாம். ‘மூச்சு போதவில்லை’ என்று தோன்றும். உண்மையில் தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருப்பீர்கள். அப்போது ‘ஆழமாக இழுங்கள்’ என்று சொல்வது தவறான யோசனை. மூச்சை வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். மூக்கால் மெதுவாக இழுத்து, சூடான காபியை ஊதி ஆற்றுகிற அவசரமில்லாமையோடு வாயால் நீளமாக விடுங்கள். விடும் நேரம் இழுக்கும் நேரத்தைவிட நீளமாக இருக்கட்டும்.

உச்சக்கட்டப் பயம் நெடுநேரம் உச்சத்திலேயே நிற்காது. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கத் தொடங்கும். அதை அடக்கப் போராடினால் நீளும். ‘வந்துவிட்டதா, வா, உட்கார்’ என்று இடம் கொடுத்தால் சீக்கிரம் தணியும். கைப்பிடியை இறுக்குவதை விட்டுவிட்டு உள்ளங்கைகளைத் தொடை மேல் திறந்து வையுங்கள். தோள்களைத் தளர்த்துங்கள். இருக்கை ஆடும்போது அதோடு சேர்ந்து ஆடுங்கள். உடம்பை விறைப்பாக்கிக்கொண்டு உங்களால் விமானத்தை ஒரு அங்குலம்கூடத் தாங்கிப் பிடிக்க முடியாது. ஆனால் பயந்தவர்கள் அத்தனை பேரும் தாங்கிப் பிடிக்கத்தான் பார்க்கிறார்கள்.

பயத்தைத் தணிப்பதாகத் தோன்றி வளர்க்கும் சில பழக்கங்களை விட வேண்டும். வானிலைச் செய்தியை நாளுக்கு இருபது முறை பார்ப்பது, போகப்போகும் விமானத்தின் வயதைத் தேடுவது, பணிப்பெண்ணின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது, பக்கத்தில் இருப்பவரிடம் ‘ஒன்றும் ஆகாதே?’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது. கேட்ட ஐந்து நிமிடத்தில் மனம் மறுபடி கேட்கும். சாமி கும்பிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்பவர்கள் உண்டு. தாராளமாகக் கும்பிடுங்கள். ஆனால் ‘நான் ஜபிப்பதை நிறுத்தினால் விமானம் விழுந்துவிடும்’ என்ற இடத்துக்கு அது போய்விடக் கூடாது. ஏறும் முன் கும்பிட்டுவிட்டு, பாரத்தை அங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிப் போடாதீர்கள். 1997இல் வெளியான ஆய்வு ஒன்றில், விமானப் பயம் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு முதல் பயணத்தில் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் கொடுத்தார்கள். அல்பிரசோலம் போட்டவர்கள் அந்தப் பயணத்தில் பயம் குறைந்ததாகத்தான் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து மாத்திரை இல்லாமல் பறந்தபோது, முதலில் வெற்று மாத்திரை போட்டவர்களைவிட அதிகமாகப் பயந்தார்கள். உடம்பு கற்றுக்கொள்ள வேண்டிய பாடத்தை மாத்திரை மறைத்துவிட்டது. ஒரே ஒரு அவசரப் பயணம் என்றால் கதை வேறு. நீங்கள் இனி பேரக்குழந்தையைப் பார்க்க அடிக்கடி போகப்போகிறவர்.

இப்போது ஆவணி. தைக்கு நான்கு மாதத்துக்கு மேல் இருக்கிறது. நீங்கள் ஆலந்தூரில் இருப்பது பெரிய வசதி. இந்த மாதங்களில் மேல்காற்று என்பதால், கடல் பக்கமிருந்து வரும் விமானங்கள் சைதாப்பேட்டை, கிண்டி வழியாக உங்கள் தலைக்கு மேல்தான் இறங்குகின்றன. தினமும் மாலையில் அரை மணி நேரம் மொட்டை மாடிக்குப் போங்கள். காதைப் பொத்திக்கொள்ளாமல், கண்ணை மூடிக்கொள்ளாமல் பாருங்கள். சக்கரங்கள் இறங்கியிருப்பதைப் பாருங்கள், இறக்கையின் பின்மடல்கள் விரிந்திருப்பதைப் பாருங்கள். முதல் நாள் நெஞ்சு அடைக்கும். அடைக்கட்டும், மாடியை விட்டு இறங்காதீர்கள். எப்போது அது அலுப்புத் தட்டத் தொடங்குகிறதோ அப்போது அடுத்த படிக்குப் போகலாம். ஐப்பசியில் காற்று திரும்பியதும் அதே மாடியிலிருந்து புறப்படும் விமானங்களைப் பார்ப்பீர்கள்.

பிறகு ஆலந்தூரில் மெட்ரோ ஏறி விமான நிலையத்துக்குப் போங்கள். நங்கநல்லூர் சாலை, மீனம்பாக்கம், அதற்கடுத்து விமான நிலையம், அவ்வளவுதான். டிக்கெட் எதுவும் இல்லாமல், புறப்பாட்டு வாயிலுக்கு வெளியே உட்கார்ந்து, பெட்டி தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். இதையும் சில முறை செய்யுங்கள்.

புரட்டாசியில் கோயம்புத்தூருக்குக் காலை முதல் விமானத்தில் டிக்கெட் எடுங்கள். ஒரு மணி நேரப் பயணம். காலையில் தரை சூடேறியிருக்காது, இடிமேகமும் திரண்டிருக்காது. மாலையைவிடப் பெரும்பாலும் சீராக இருக்கும். ஆனி, ஆடியில் பலமாக வீசும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் அதற்குள் தணியத் தொடங்கிவிடும். இறக்கைக்கு அருகில் உள்ள வரிசையைக் கேளுங்கள். வால் பக்கம்தான் அதிகம் ஆடும். தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குப் போகும் விசிறி வைத்த ஏடிஆர் விமானம் முதல் பயணத்துக்கு வேண்டாம். அது பாதுகாப்பானதே, ஆனால் தாழ்வாகப் பறப்பதால் மேகத்துக்குள் அதிக நேரம் இருக்கும், சத்தமும் கூடுதல்.

கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் திரும்பிவிடலாம் என்று மனம் சொல்லும். கேட்காதீர்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ விமானத்திலேயே திரும்புங்கள். முதல் பயணத்தில் ‘எப்படியோ தப்பித்தேன்’ என்றுதான் தோன்றும். இரண்டாவது, மூன்றாவது பயணங்களில்தான் ‘இது வழக்கமாக இப்படித்தான் இருக்கும்போல’ என்ற நினைப்பு வரும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்துக்குள் இன்னொரு முறை எங்கேயாவது போய் வந்துவிட்டால் நல்லது. விமானத்துக்குள் நுழையும்போது பணிப்பெண்ணிடம் ‘எனக்குப் பறக்கப் பயம்’ என்று சொல்லிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைக்க வேண்டிய சுமை ஒன்று குறையும். அவர்களும் வந்து வந்து பார்த்துக்கொள்வார்கள்.

மொட்டை மாடிப் பயிற்சியைத் தாண்ட முடியாமல் தேங்கி நின்றுவிட்டாலோ, தூக்கம் கெட்டு அன்றாட வேலைகள் பாதிக்கப்பட்டாலோ தனியாகப் போராடாதீர்கள். படிப்படியாகப் பழக்கும் சிகிச்சையில் தேர்ந்த மனநல ஆலோசகர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் பார்க்கலாம். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416ஐ எந்நேரமும் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் முதலில் உங்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு அடைப்பது பயத்தால்தான் என்று அவர் உறுதி செய்ய வேண்டும், நான் இல்லை.

சிங்கப்பூர்ப் பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். பகல் விமானமாகப் பார்த்து மகனைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இருட்டில் வெளியே ஒன்றும் தெரியாமல் குலுங்குவதைவிட, மேகத்தைப் பார்த்துக்கொண்டே குலுங்குவது உங்களைப் போன்றவர்களுக்கு எளிது. மலேசியா, சுமத்திரா பக்கம் நெருங்கும்போது பெரிய மேகக் கூட்டங்கள் வழக்கம். கடைசி ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் ஆடும் என்று இப்போதே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஆடாமல் போனால் லாபம். காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள், கைப்பையில் புளிப்பு மிட்டாய் வைத்திருங்கள். திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் திரும்புவது என்பதைப் பேரக்குழந்தை பிறந்த பிறகு மாற்றிக்கொள்ள வசதியுள்ள டிக்கெட்டாக இருக்கட்டும்.